திரும்பும் எண்ணம்

ரெய்னர்ஸ் லேன், லண்டன்
18 ஓகஸ்ட் 2024

அன்புள்ள தம்பி ராசாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம். இடது முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது. உனக்குக் கொழுப்பு எவ்வளவில் நிற்கிறது? உன்னைக் கட்டிய பெனிற்றா சுகமாக இருக்கிறாளா? கடையில் நின்றபடியே சாப்பிடும் பழக்கத்தை விட்டுவிட்டாயா?

போன கிழமை நாங்கள் தொலைபேசியில் கத்தியதைக் கேட்டு மேல்வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டினாள். யாருக்காவது அடிபட்டுவிட்டதோ என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அறுபத்துமூன்று வயதில், அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்காகச் சொந்தத் தம்பியோடு கத்துகிறேன். ஆகவே தேர்தல் முடியும்வரை உன்னோடு தொலைபேசியில் கதைப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். சொல்ல இருப்பதைத் தாளில் எழுது. தாளில் என்றால் நீ சொல்லி முடிக்கும்வரை நான் பொறுத்துத்தான் ஆகவேண்டும், நீயும் அப்படித்தான். தபாலில் போட்டால் பத்து நாளாகும். எழுதியதைப் பெனிற்றாவைக் கொண்டு படமெடுத்து அனுப்பு. இங்கே மகள் வீட்டில் அச்சு இயந்திரம் இருக்கிறது, பிறேமினி எனக்கு அச்சடித்துத் தருவாள்.

நீ சொன்னவற்றில் ஒன்றுக்கு மட்டும் இப்போதே பதில் எழுதுகிறேன். "நீங்கள் விட்டிட்டுப் போன ஊர். இனி இஞ்சை ஆர் வந்தா உங்களுக்கென்ன?" என்றாய். இருபத்துமூன்று வருடம் அந்த ஊர் ஆசுபத்திரியில் இரத்தப் பரிசோதனை செய்தவள் நான். உன் அத்தானின் சாம்பலை அந்த ஊர் ஆற்றில்தான் கரைத்தேன். என் கடவுச்சீட்டு இன்னும் அமெரிக்கக் கடவுச்சீட்டுத்தான். வெளிநாட்டில் இருக்கும் குடிமக்கள், கடைசியாக வாழ்ந்த மாநிலத்தில் வாக்களிக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. எனக்குப் பென்சில்வேனியாவில் வாக்கு இருக்கிறது. அதைப் போடத்தான் போகிறேன்.

பெனிற்றாவைக் கேட்டதாகச் சொல். மருந்தை ஒழுங்காகப் போடு.

அன்புடன்,
அக்கா


பென்சில்வேனியா
2 செப்டெம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். பிறேமினியும் பிள்ளைகளும் சுகம்தானே? எனக்குக் கொழுப்பு இருநூற்றுப் பத்து. வைத்தியர் முகத்தைச் சுழித்தார், நானும் சுழித்தேன்.

அக்கா, குறுக்கிட ஆளில்லாததால் முழுவதையும் எழுதுகிறேன். இந்த முறை முழு நாடும் எங்கள் மாநிலத்தைத்தான் பார்க்கிறது. தொலைக்காட்சியில் வேறு பேச்சில்லை. பெற்றோல் அடிக்க வருகிறவர்கள்கூட என் முகத்தைப் பார்த்து, நான் எந்தப் பக்கம் என்று கணக்குப் போடுகிறார்கள். இங்கே வருகிற நல்லதும் கெட்டதும் என் கடைக் கதவால்தான் வரும். நீங்கள் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஒரு கோடு கீறிவிட்டுப் போய்விடுவீர்கள். அனுபவிக்கப் போவது நான். இது நியாயமா? சட்டத்தைக் கேட்கவில்லை, நியாயத்தைத்தான் கேட்கிறேன்.

சனிக்கிழமைகளில் இந்த ஊர்க்காரர் சிலர் காலைச் சாப்பாட்டுக்குக் கூடித் தேர்தல் கதைப்பார்கள். இப்போது என்னையும் கூப்பிடுகிறார்கள். பதினெட்டு வருடம் கடை நடத்தியும் இதுவரை ஒருவரும் ஒரு மேசைக்கும் கூப்பிட்டதில்லை.

உங்கள் பழைய வீட்டுக் கதவுக்கு மஞ்சள் அடித்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும்போது தினமும் அந்த வழியால்தான் போகிறேன்.

எப்போது வருவீர்கள் என்று பெனிற்றா கேட்கிறாள்.

முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கள்.

தம்பி,
யோகராஜா


ரெய்னர்ஸ் லேன்
6 ஒக்டோபர் 2024

அன்புள்ள ராசாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். குளிர் தொடங்கிவிட்டது. உங்களுக்கும் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ.

வாக்கைப் போட்டுவிட்டேன். வாக்குச்சீட்டை மின்னஞ்சலில்தான் அனுப்புகிறார்கள், திருப்பி அனுப்புவது மட்டும் தபாலில். பிறேமினியின் அச்சு இயந்திரம் மை கக்கியதால் நூலகத்துக்குப் போனேன். அமெரிக்கத் தாள் வேறு அளவு, இங்கத்தைய தாள் வேறு அளவு. கடைசி வரி வெட்டுப்பட்டுப் போக, மூன்று முறை அச்சடித்தேன். நூலகத்தில் வேலை செய்யும் பிள்ளை, "அன்ரி, இது என்ன ஃபோர்ம்?" என்று கேட்டது. "வோட்" என்றேன். அது உடனே மற்றப் பக்கம் திரும்பி நின்றது. எனக்கு அது பிடித்திருந்தது.

நியாயம் கேட்டிருந்தாய். எண்பத்தொன்பதில், சொந்த நாட்டைவிட்டு வர முதல், நானும் நீயும் வாக்களிக்கப் போனது நினைவிருக்கிறதா? உனக்குப் பத்தொன்பது வயது. புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தாய். வரிசையில் இரண்டு மணித்தியாலம் நின்று உள்ளே போனால், என் பெயருக்கு நேரே ஏற்கெனவே கோடு கீறியிருந்தது. "உங்கடை வோட் போட்டாச்சு, போங்கோ" என்றான் மேசையில் இருந்தவன். நீ என் கையைப் பிடித்து, "வாங்கோ அக்கா, பிரச்சினைப்படாதேங்கோ" என்று இழுத்துக்கொண்டு வந்தாய். வந்துவிட்டேன். அன்று நான் அங்கேயே நின்றிருக்கவேண்டும். என்னுடைய நியாயம் இவ்வளவுதான்.

நெஞ்சு எரிவு வந்தால் கவனி. அதைச் சாப்பாட்டுக் கோளாறு என்று நினைத்து விட்டுவிடாதே.

அன்புடன்,
அக்கா


பென்சில்வேனியா
27 ஒக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமென்று நம்புகிறேன். கொஞ்சம் அலுவல் கூடிப்போனதால் எழுதப் பிந்திவிட்டது. நெஞ்செரிவு இல்லை.

எப்போது வருவீர்கள் என்று கேட்டிருந்தேன். அதற்கு நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

தம்பி,
யோகராஜா


ரெய்னர்ஸ் லேன்
4 நவம்பர் 2024

அன்புள்ள ராசாவுக்கு,

சுகம் விசாரிக்கக்கூட மனம் வரவில்லை. என்றாலும் கேட்கிறேன். சுகமா?

உங்கள் மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலிருந்து இன்று மின்னஞ்சல் வந்தது. என் வாக்கை யாரோ ஆட்சேபித்திருக்கிறார்களாம். அதை எண்ணாமல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. நேரில் வரலாம், இல்லாவிட்டால் வீடியோவில் சேரலாம். வராவிட்டால் வைத்திருக்கும் ஆவணங்களைக் கொண்டு முடிவெடுப்பார்களாம். என்னைப்போல் வெளிநாட்டில் இருக்கும் நாற்பத்தொரு பேரின் வாக்குகளை ஒரே ஆள் ஆட்சேபித்திருக்கிறார். பெயர்ப் பட்டியலும் கூடவே வந்தது.

மற்ற நாற்பது பேருக்கும் ஒரே மாதிரி அச்சடித்த காரணம். எனக்கு மட்டும் தனியாக ஒரு வாக்குமூலம் இணைத்திருக்கிறார்கள். "இவர் 2021 மார்ச் 14 அன்று நிரந்தரமாக வெளியேறினார். வீட்டை விற்றுவிட்டார். திரும்பி வரும் எண்ணம் இல்லாதவர். இது எனக்கு நேரில் தெரிந்த உண்மை" என்று எழுதியிருக்கிறது. கையெழுத்துப் போட்டவரின் பெயரைக் கறுப்பு மையால் மறைத்திருக்கிறார்கள்.

மார்ச் 14 என்பது யாருக்குத் தெரியும்? அன்று பனி பெய்தது. என்னை விமானநிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டது ஒரே ஒரு ஆள்.

ராசா, உடனே எழுது.

அக்கா


பென்சில்வேனியா
6 நவம்பர் 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

பெனிற்றா எழுதுகிறேன். உங்கள் எல்லோரது சுகத்துக்கும் மன்றாடுகிறேன். உங்கள் கடிதத்தை அச்சடித்து அவரின் மேசையில் வைத்தேன். இரண்டு நாளாக அது அங்கேயே கிடக்கிறது. அவர் எழுதமாட்டார் என்று தெரிந்ததும் நான் எழுதத் தொடங்கினேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மூன்று கிழமைக்கு முதல், சனிக்கிழமைக் கூட்டத்துக்காரர் ஒருவர், வெளிநாட்டிலிருந்து வாக்களிப்பவர்களின் பட்டியலோடு கடைக்கு வந்தார். இதில் யாரையாவது தெரியுமா என்று கேட்டார். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். உங்கள் பெயரில் விரல் நின்றது. "இது என்ரை அக்கா" என்றார். "திரும்பி வருவாரா?" என்று அந்த ஆள் கேட்டார். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வரிசையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள், நான்தான் காசு வாங்கினேன். பிறகு, "வரமாட்டா" என்றார். அந்த ஆள் ஒரு தாளை நீட்டிப் பேனையையும் கொடுத்தார்.

அவர் போனபிறகு, "என்னத்துக்கப்பா இந்த வேலை?" என்று கேட்டேன். "உண்மையைத்தானே எழுதினன்" என்றார். அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

தேர்தல் முடிவு வந்துவிட்டது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் மாநிலமும் முடிந்துவிட்டது. ஒரு வாக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இனி ஒன்றும் மாறப்போவதில்லை. மச்சாள், வெள்ளிக்கிழமை இவரையும் சாட்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அக்காவும் தம்பியும் ஊர் பார்க்க அப்படி நிற்க வேண்டுமா? விட்டுவிடலாமே.

உங்கள் அன்புள்ள,
பெனிற்றா


ரெய்னர்ஸ் லேன்
7 நவம்பர் 2024

ராசாவுக்கு,

பெனிற்றா எழுதிவிட்டாள். அவளோடு கோபிக்காதே.

விட்டுவிடச் சொல்கிறாள். யார் வென்றார், யார் தோற்றார் என்பது எனக்குத் தெரியும். வென்றவருக்காகவோ தோற்றவருக்காகவோ நான் நாளைக்கு வரவில்லை.

உனக்கு நியாயம் வேறு, எனக்கு வேறு. அதை நான் பொறுத்துக்கொள்வேன். என் வாக்குச் செல்லாது என்று நீ எழுதியிருந்தால்கூட, தம்பி அப்படி நினைக்கிறான் என்று விட்டிருப்பேன். ஆனால் திரும்பி வரும் எண்ணம் இல்லாதவர் என்று எழுதியிருக்கிறாய். அந்த முடிவை நானே இன்னும் எடுக்கவில்லை. எனக்குத் தெரியாத என் மனதை நீ எந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாய்?

நாளைக்கு நான் இருப்பேன். நீயும் வந்து நில். ஒளித்துக்கொள்ளாதே.

கமலாம்பிகை


ரெய்னர்ஸ் லேன்
9 நவம்பர் 2024

அன்புள்ள பெனிற்றாவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதத்துக்கு நன்றி. நேற்று நடந்ததை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். ராசா என்ன சொன்னான் என்று உன்னிடம் கேட்கமாட்டேன். அதை அவனே சொல்லட்டும்.

எங்களுக்குப் பிற்பகல் மூன்று மணி. பிறேமினி வேலைக்கு அரைநாள் லீவு போட்டு, சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துத் தந்தாள். நான் அத்தான் வாங்கித் தந்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். திரையில் ஒரு நீள மேசையும் அதில் மூன்று பேரும் தெரிந்தார்கள். நடுவில் இருந்த பெண்தான் தலைவி. அறையில் வேறு யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை. கமெரா மேசையை மட்டும்தான் காட்டியது.

ஆட்சேபித்தவர் முதலில் பேசினார். பிறகு தலைவி யாரையோ எழும்பச் சொன்னார். ராசாவின் குரல் என்று தெரிந்தது. தலைவி ஒலிவாங்கியை விட்டு அவன் பக்கம் திரும்பியதால் இருவரின் சொற்களும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமினான், இரண்டு மூன்று வசனம் சொன்னான், இருந்துவிட்டான். மேசையில் இருந்த மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

பிறகு என் முறை வந்தது. திரும்பி வரும் எண்ணம் இருக்கிறதா என்று தலைவி கேட்டார். "தெரியாது" என்றேன். "கணவர் அங்கே ஆற்றில் இருக்கிறார். மகள் இங்கே இருக்கிறாள். காலையில் எழும்பும்போது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பக்கமாக மனம் போகிறது. வாக்குச்சீட்டுக் கேட்டு அனுப்பும் விண்ணப்பத்தில் 'நிச்சயமில்லை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில்தான் அடையாளம் போட்டேன். அதுதான் உண்மை" என்றேன். மாவட்டத்துச் சட்டத்தரணி எழும்பி, நிச்சயமில்லாதவருக்கும் ஜனாதிபதித் தேர்தலில் வாக்கு உண்டு என்று சட்டத்தை வாசித்தார். மூவரும் கை உயர்த்தினார்கள். என் வாக்கை எண்ணலாம் என்றார்கள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் பிறேமினி நினைத்தாள். தலைவி, "நன்றி, நீங்கள் போகலாம். மற்ற நாற்பது பேரில் ஒருவரும் வரவில்லை. அவற்றை இன்னொரு நாளைக்கு ஒத்திவைக்கலாம்" என்றார். நான் கையை உயர்த்தினேன். "அது எண்ணி முடிக்கவேண்டிய நாளுக்குப் பிறகு போய்விட்டால், எண்ணாமல் விடுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன். "எனக்கு அவசரமில்லை. நாற்பது பெயரும் முடியும்வரை நான் இங்கே இருக்கிறேன்" என்றேன்.

பிறேமினி மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினாள். "அம்மா, உங்கடை அலுவல் முடிஞ்சுது. மூடுங்கோ" என்றாள். "என்ரை அலுவல் முடிஞ்சுது எண்டு ஆர் சொன்னது?" என்றேன்.

சட்டத்தரணி தலைவியின் காதில் ஏதோ சொன்னார். பட்டியலைத் திறந்தார்கள். ஜெர்மனியில் இருக்கும் ஒரு பட்டாளத்தானின் மனைவி. கொரியாவில் படிக்கிற ஒரு பிள்ளை. போர்த்துக்கலில் ஒரு கிழவனும் கிழவியும். பெயரை வாசித்து, ஆவணத்தைப் பார்த்து, கையை உயர்த்தினார்கள். நான் என் பட்டியலில் ஒவ்வொரு பெயராக அடையாளம் போட்டுக்கொண்டு வந்தேன். நடுவில் முழங்கால் விறைத்துப்போனது. பிறேமினி முணுமுணுத்துக்கொண்டே ஒரு கதிரையைக் கொண்டுவந்து காலுக்கு வைத்தாள். மூன்று மணித்தியாலம். நாற்பது பேரின் வாக்கும் எண்ணப்படும்.

தலைவி கடைசியில், "இப்போதாவது போகலாமா, அம்மையார்?" என்று கேட்டார். போகலாம் என்றேன்.

அவன் சாப்பிடுகிறானா? சாப்பிடாவிட்டால் சாப்பிடச் சொல்லு. நான் சொன்னதாகச் சொல்லாதே.

அன்புடன்,
மச்சாள்


பென்சில்வேனியா
15 டிசெம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து கிழமையாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். உங்கள் முழங்கால் இப்போது எப்படி? அன்று கனநேரம் இருந்துவிட்டீர்கள்.

உங்களுக்கு மேசை மட்டும்தான் தெரிந்தது என்று பெனிற்றா சொன்னாள். எங்களுக்கு நீங்கள் முழுச் சுவரளவில் தெரிந்தீர்கள். இது உங்களுக்குத் தெரியுமா? உங்கள் முகம் என் கடைக் கதவளவு இருந்தது. பிறேமினி சோறு கொண்டுவந்து தந்ததும் நீங்கள் கையால் குழைத்துச் சாப்பிட்டதும் எல்லோருக்கும் தெரிந்தது. மீன்முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தீர்கள். அந்த நேரம் பெயர் வாசித்துக்கொண்டிருந்தவர் ஒரு பெயரைத் தவறவிட்டார். வாயில் சோற்றோடு, "இருபத்தாறாவது பெயரை வாசிக்கவில்லை" என்றீர்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த சனிக்கிழமைக் கூட்டத்துக்காரர், "உன் அக்காவா இது?" என்று கேட்டார். ஆம் என்றேன்.

என்னிடம் கேட்டதையும் நான் சொன்னதையும் எழுதுகிறேன். இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்கள். ஆம் என்றேன். திரும்பி வரமாட்டார் என்று எப்படித் தெரியும், அவர் சொன்னாரா என்று கேட்டார்கள். "இல்லை. நான் கேட்டேன், அவர் பதில் எழுதவில்லை. அதனால் வரமாட்டார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்" என்றேன். அப்படியானால் இது நேரில் தெரிந்த உண்மை இல்லையே என்றார் தலைவி. இல்லை என்றேன். இருந்துவிட்டேன்.

அக்கா, இங்கே இல்லாதவர் இங்கே வாக்களிக்கக்கூடாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதில் நான் மாறவில்லை. ஆனால் அந்தத் தாளில் எழுதியது பொய். அந்த ஆள் கேட்டபோது, வருவா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைச் சொல்லி, நீங்கள் வராமல் விட்டால் என்ன செய்வது என்று இருந்தது. நீங்கள் போனபிறகு இந்த ஊரில் என்னை ராசா என்று கூப்பிட ஒருவரும் இல்லை. பெனிற்றா 'இஞ்சேருங்கோ' என்பாள். மற்ற எல்லோருக்கும் நான் ராஜ்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு இப்போது போவதில்லை. வரவேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. நான் போய் இருந்தால் பேச்சு நின்றுவிடுகிறது.

கொழுப்பு நூற்றுத் தொண்ணூற்றுக்கு இறங்கிவிட்டது. சாப்பிடாமல் இருந்ததால் என்று பெனிற்றா சொல்கிறாள்.

தம்பி,
ராசா


ரெய்னர்ஸ் லேன்
12 ஜனவரி 2025

அன்புள்ள ராசாவுக்கு,

நான் சுகம். நீயும் பெனிற்றாவும் சுகமாக இருக்க வேண்டும். நூற்றுத் தொண்ணூறு நல்லதுதான். ஆனால் பட்டினி கிடந்து கொழுப்பை இறக்காதே, நடந்து இறக்கு.

மீன்முள் விசயத்தைப் பிறேமினிக்கு வாசித்துக் காட்டினேன். கமெராவை மூடத் தெரியாமல் விட்டது அவள்தான். அவளுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வர இரண்டு நாள் பிடித்தது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதில் எழுதப்போவதில்லை. எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். ஊர் பார்க்க எழும்பி நின்று, நேரில் தெரியாது என்று ஒத்துக்கொண்டாயே, அதற்காக உன்னோடு மறுபடி கதைக்கிறேன். அவ்வளவுதான். வாக்கைப் பற்றி நீ நினைப்பதை நீ வைத்துக்கொள். நான் நினைப்பதை நான் விடப்போவதில்லை. இந்த வருடத்து விண்ணப்பத்தையும் போன கிழமையே அனுப்பிவிட்டேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் புதிதாக அனுப்பவேண்டும். யாராவது ஆட்சேபித்தால், நான் மறுபடியும் சோற்றுத் தட்டோடு வந்து இருப்பேன் என்று சொல்லிவை.

உன் கேள்விக்கு நான் ஏன் பதில் எழுதவில்லை என்று பெனிற்றாவிடம் புலம்பினாயாம். எழுத உட்கார்ந்தால், வருகிறேன் என்றும் எழுத முடியவில்லை, வரமாட்டேன் என்றும் எழுத முடியவில்லை. நீ தனியாக நிற்கிறாய் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதாமல் விட்டேன். அது என் பிழை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் ஒன்பதாம் திகதி பிலடெல்பியாவில் வந்து இறங்குகிறேன். இரண்டு கிழமைக்குச் சீட்டு எடுத்திருக்கிறேன். ஆற்றங்கரைக்குப் போகவேண்டும். அந்த மஞ்சள் கதவையும் பார்க்கவேண்டும். நீ என்னோடு சண்டை பிடிக்க நினைத்திருப்பதையெல்லாம் சேர்த்து வை, நானும் சேர்த்துக்கொண்டு வருகிறேன். விமானநிலையத்துக்கு நீயே வா, வேறு யாரையும் அனுப்பாதே.

இரண்டு கிழமைக்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது, ராசா. கடைக்கு வந்து யாராவது கேட்டால், தெரியாது என்று சொல். எழுதித் தரச் சொன்னால், பேனையை வாங்கி வைத்திரு. நான் வந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா